காய்ந்துபோன திரி

வானிலை நிலையத்தில் பார்வையாளராக இருந்தவரை ஊரில் மழையார் என்று கூப்பிட்டார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை, நம்பிக்கைதான் இல்லை. பஸ்ஸில் ஏறினால் போதும், "என்ன மழையாரே, மழை இல்லைன்னு சொல்லிட்டீங்களா? குடையை எடுத்துட்டு வந்துடறேன்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார். மனைவியோ இத்தனை வருடக் குடித்தனத்தில் அவரிடம் வானிலை கேட்டதே கிடையாது. துணி உலர்த்தும் முன் ஜன்னலைத் திறந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

அவரை முழுக்க நம்பிய ஒரே ஜீவன் தம்பி. தம்பிக்கு ஆற்றோரம் செங்கல் சூளை. அறுத்துப் போட்ட பச்சைக்கல் வெயிலில் காய்ந்தால்தான் சூளையில் ஏறும். அதற்குள் நனைந்தால் மறுபடி சேறு. ஆகவே தினமும் சாயங்காலம் போன் வந்துவிடும்.

"அண்ணே, நாளைக்கு எப்படி?"

"மழைக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதிடா."

"அப்ப பாதிக் கல்லை மட்டும் மூடவா?"

பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் அவனை உட்காரவைத்துப் பாடமே எடுத்தார். "கடலுக்கு அடியில மீன் கிடக்கிற மாதிரி நாம காத்துக்கு அடியில கிடக்கோம். மழை, புயல், இடி எல்லாம் இந்த அடித்தட்டுலதான். அதைத் தாண்டினா காத்து மெலிஞ்சுடும். மேகத் தொல்லையே கிடையாது."

"சூளையை அங்க மாத்திடலாமாண்ணே?"

"கேளுடா. தரை சூடானா காத்து லேசாகி மேல போகும். மேல குளிரும். ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்குதில்ல? அந்த மாதிரி காத்துல இருக்கிற ஈரம் அங்க துளித் துளியா மாறும். அதுதான் மேகம்."

"அது எப்ப என் தலையில விழும்?"

"அதைத்தான் தினம் பார்த்துக்கிட்டிருக்கேன்."

பார்த்தது ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள். அதில் இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா தொங்கும். மற்றதன் குமிழில் துணித்திரி சுற்றி, திரியின் நுனி ஒரு கிண்ணத் தண்ணீரில் கிடக்கும். காற்று வறண்டிருந்தால் திரியின் ஈரம் சட்டென்று ஆவியாகிக் குமிழைக் குளிரவைக்கும். அந்த வெப்பமானி இறங்கி நிற்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் திரி காயாது. இரண்டும் ஒரே அளவில் நிற்கும். அப்படி நின்றால் மழை வரலாம் என்று கணக்கு.

மழைக்காலத்துக்கு முன்னால் அது கடைசிச் சூளை. "இது ஒண்ணு வெந்துட்டா தப்பிச்சேன். இல்லேன்னா இழுத்து மூட வேண்டியதுதான்" என்று தம்பி சொல்லியிருந்தான். புழுக்கமான நாட்கள். வெப்பமானிகள் இரண்டும் ஜோடி பிரியாமல் நின்றன. "மூடி வைடா" என்றார் அண்ணன். தம்பி தார்ப்பாய் போட்டு மூடினான். வெயில் கொளுத்தியது. மறுநாளும் மூடச் சொன்னார், மறுநாளும் கொளுத்தியது. தார்ப்பாய்க்குள் கல் காயாமல் வியர்த்தது. "உங்கண்ணன் சொல்லிட்டாரா? அப்ப நல்ல வெயில்தான்" என்று கல் அறுக்கிறவர்கள் சிரித்தார்கள்.

சந்தேகப்பட்டுப் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தார். கிண்ணத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. திரி சுள்ளியாகக் காய்ந்திருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் இல்லாததால், காற்றில் தண்ணீர் தளும்புவதாகக் கருவி சொல்லியிருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டியவர் அவர்தான். புதுத் துணி சுற்றி, ஊற்றினார். தம்பியிடம் காரணம் சொல்லவில்லை. "திறந்து போடு" என்று மட்டும் சொன்னார்.

கல் இறுகத் தொடங்கியது. ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்தால் மறுபடி இரண்டும் சமம். கிண்ணத்தைப் பார்க்காமலே தண்ணீரை எடுத்து ஊற்றினார். நிறைந்திருந்த கிண்ணம் வழிந்து கையை நனைத்தது. சந்தேகம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். துணியைச் சரியாகச் சுற்றவில்லையோ என்று புதுச் சந்தேகம்தான் வந்தது. மழைக்கு அடையாளமாகக் காற்றழுத்தமானியும் இறங்கியிருந்தது. ஒருமுறை ஏமாந்தவருக்கு அதன் மேலும் நம்பிக்கை போயிருந்தது.

போன் அடித்தது. "அண்ணே, இன்னும் ரெண்டு வெயில் போதும். மூடுன்னு மட்டும் சொல்லிடாதேண்ணே."

"பயப்படாதே. திறந்தே கிடக்கட்டும்."

இருட்டுவதற்குள் கொட்டிவிட்டது.

காலையில் போனபோது கல் வரிசைகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கரைந்து கிடந்தன. தம்பி குந்தி உட்கார்ந்து ஒரு கல்லை விரலால் அழுத்தினான். விரல் உள்ளே போயிற்று.

"விடுண்ணே. வானம் பண்றதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"இல்லடா, அந்தத் திரி..."

"என்ன திரி?"

"ஒண்ணுமில்ல."

தம்பி சூளையையே இழுத்து மூடினான். சண்டை போடவில்லை, முகம் திருப்பவில்லை. வானத்தைப் பற்றிக் கவலைப்பட அவனுக்கு இப்போது எதுவும் இல்லை. அதனால் போனும் வருவதில்லை. மழையார் மட்டும் சாயங்காலமானால் போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

ஒரு காலையில் மனைவி ஈரத்துணி வாளியோடு வாசலில் நின்றாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. "துணியை வெளியில போடலாமா?" என்று கேட்டாள். அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தெரியல" என்றார்.

வெளியே சுள்ளென்று வெயில். அவள் கூடத்துக்குள்ளேயே கயிற்றைக் கட்டி, துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள்.