அக்காவுக்கு விடாத இன்சூரன்ஸ்

நான் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருசம். இப்ப வயது இருபத்தொண்டு. ஆனால் அப்பாவின்ரை காரை இன்னும் ஒருநாளும் ஓடினதில்லை. எப்ப கேட்டாலும் அவர் சொல்லுறது ஒண்டுதான்: "இந்த வயதுக்கு இன்சூரன்ஸ் விடாது பிள்ளை."

அடுத்த கிழமை ஒஸ்லோவுக்கு வெளியிலை, ஒரு முதியோர் இல்லத்திலை எனக்குப் பயிற்சி. விடிய வெள்ளன அங்கை நிக்க வேணும். நாங்கள் இருக்கிற ஸ்டோவ்னரிலையிருந்து அந்த நேரம் அந்தப் பக்கம் பஸ் இல்லை.

ஒரு கிழமைக்கு மட்டும் எனக்கு இன்சூரன்ஸ் தருவினமோ எண்டு கேட்க, இண்டைக்கு நானே கொம்பனிக்குப் போன் எடுத்தன். கதைச்ச பெண் கார் நம்பரைக் கேட்டுப் பார்த்துப்போட்டுச் சொன்னா:

"நீங்கள் ஒண்டும் எடுக்கத் தேவையில்லை. இளம் ஆக்கள் ஓடுறதுக்கும் சேர்த்து இந்தக் காருக்கு ஏற்கெனவே இருக்கு."

"எப்ப இருந்து?"

"போன மாதத்திலையிருந்து."

போன மாதம்தான் தம்பிக்கு லைசென்ஸ் கிடைச்சது.

பின்னேரம் அப்பா வேலையாலை வந்தவுடனை கேட்டன். அவர் சப்பாத்தைக் கழட்டிக்கொண்டே, "அவன் பொடியன். நாலு இடம் போய் வாறவன்," எண்டார். அம்மா கறிச்சட்டியிலையிருந்து நிமிரவே இல்லை. அவவுக்கும் தெரிஞ்சிருக்கு.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "திங்கக்கிழமை எனக்குக் கார் வேணும்," எண்டன்.

"தம்பியை ஒருக்காக் கேட்டுப் பார்," எண்டார் அப்பா.

அக்காமாரே, உங்கடை வீட்டு இன்சூரன்ஸ் என்ன சொல்லுது?