சரைத் தாளின் மறுபாதி

சீனி கட்டிவந்த தாளை விரித்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் முதலில் மண்ணெண்ணெய் மணக்கும், பிறகு அச்சு மை மணக்கும், கடைசியாகக் கடையில் அருகருகே கிடந்த செத்தல் மிளகாயும் நெத்தலிக் கருவாடும் சேர்ந்த காட்டமான நெடி ஏறி, வாசிக்கத் தொடங்குமுன்னரே கண்ணில் நீர் வந்துவிடும். பத்திரிகை எனக்கு அப்படித்தான் அறிமுகமானது. காலையில் வாசலில் வந்து விழுகிற பத்திரிகையை நான் கண்டது யாழ்ப்பாண நகரத்துக்கு வேலைக்குப் போன பிறகுதான். சிறுவயதில், ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தில், உலகச் செய்தி கால் கிலோ பருப்பைச் சுற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் பிந்தி, பாதியாகவோ காலாகவோ கிழிந்துதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

கடைக்காரர் தாளைக் கூம்பாகச் சுற்றிச் சாமானைக் கொட்டி, வாயை மடித்து நூலால் கட்டித் தருவதை நாங்கள் "சரை" என்போம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவுப்பகுதி கடற்படையின் கைக்குப் போனபின், ஊரில் பெரும்பகுதி கிளம்பிப் போய்விட, மிஞ்சிக் கிடந்த எங்களைப் போன்ற மீன்பிடிக் குடும்பங்களுக்கு அரிசியும் மாவும் கப்பலில் வந்தன. கூடவே, சாமான் கட்டுவதற்கென்று, கொழும்பில் நிறுத்து விற்ற பழைய பத்திரிகைக் கட்டுகளும் வந்தன. அவற்றில் சிங்களம் இருக்கும், இங்கிலீசு இருக்கும், இடையிடையே தமிழும் அகப்படும். தமிழ்த் தாள் வந்த நாளில் எங்கள் வீட்டில் சமையல் பிந்தும்.

காரணம் என் அண்ணா யூட். இங்கே வைத்திருந்தால் பிள்ளை மிஞ்சமாட்டான் என்று பயந்து, அம்மாவும் அப்பாவும்தான் அவனைக் கப்பலேற்றித் திருகோணமலை வழியாகக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வெளிநாடு போவதாக ஏற்பாடு. ஒரு லொட்ஜில் தங்கியிருந்தவனை ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று, கூடத் தங்கியிருந்தவர் ஊருக்கு வந்தபோது சொன்னதோடு சரி. எந்தப் பொலிஸ், எந்தச் சிறை, உயிரோடு இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. அப்பா ஒருமுறை கடற்படையிடம் பயண அனுமதிப் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போய், பாஷை தெரியாமல் வாசல் வாசலாக நின்று, வெறுங்கையோடு திரும்பினார். அதற்குப் பிறகு அம்மாவுக்கு இருந்த ஒரே வழி, கொழும்பிலிருந்து வருகிற தாள்களில் அவனைத் தேடுவது.

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சரையைப் பிரித்து, ஒட்டியிருக்கிற சீனியைக் குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்து, குசினி நிலத்தில் விரித்து, விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய வாசிப்பாள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற பழக்கம் அவளிடம் இருக்கவில்லை. ஒப்பந்தக் கேள்வி அறிவித்தல், காணி விற்பனை, மணமகள் தேவை, மரண அறிவித்தல், கண்டியில் எவரோ திறந்து வைத்த பாலம் எல்லாவற்றையும் வாசிப்பாள். "எந்த மூலையிலை போட்டிருப்பாங்களோ ஆருக்குத் தெரியும்" என்பாள். சிங்களத் தாளையும் விடமாட்டாள்; அதில் படங்களை மட்டும், ஒவ்வொரு முகமாக, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

விளங்காத சொல் வந்தால் என்னைக் கூப்பிடுவாள். எனக்கும் விளங்காவிட்டால் மாதா கோயில் சுவாமியாரிடம் கேட்டுவர அனுப்புவாள். இப்படியாக, மற்றப் பிள்ளைகள் அணிலும் ஆட்டுக்குட்டியும் எழுதப் பழகிய வயதில் நான் பிணை, தடுப்புக்காவல், ஆட்கொணர்வு மனு, அடையாள அணிவகுப்பு என்று பழகினேன். வகுப்பில் ரீச்சர் "அனுமதி" என்ற சொல்லை வைத்து வசனம் அமைக்கச் சொன்னபோது, "சந்தேகநபர் பிணையில் செல்ல அனுமதிக்கப்பட்டார்" என்று நான் எழுந்து நின்று சொல்ல, அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருக்கச் சொல்லிவிட்டார். பாதியில் எழும்பப் பார்த்தால் அம்மா விடமாட்டாள். "குறையிலை விடாதை. அந்த மூலையையும் வாசிச்சிட்டு எழும்பு."

மெல்ல மெல்ல ஊரே இதற்குப் பழகிவிட்டது. யார் வீட்டில் தமிழ்ச் சரை பிரித்தாலும், நீவி மடித்து, அம்மாவின் பெயரைச் சொல்லி, "திரேசக்காவிட்டைக் குடு" என்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். கடைக்காரர் கனகு அண்ணை மட்டும் பகிடியாக, "அக்கா, சாமானைக் கொட்டிப்போட்டுத் தாளை மட்டும் தரட்டோ?" என்பார். ஆனால் அவரும் தமிழ்த் தாளைக் கிழிக்கும்போது எழுத்தின் குறுக்கே கிழிக்காமல் ஓரம் பார்த்துத்தான் கிழிப்பார்.

ஒரு நாள் அது தவறிவிட்டது. சீனி கட்டிவந்த பாதித் தாளின் கீழ் மூலையில் ஒரு சிறு செய்தி. கொழும்பில் தடுத்து வைக்கப்பட்டிருந்த, ஊர்காவற்றுறையைச் சொந்த இடமாகக் கொண்ட, இருபத்திரண்டு வயதுடைய இளைஞர் நேற்று. அவ்வளவுதான். அதோடு தாள் கிழிந்திருந்தது. அம்மா விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு என்னை மறுபடி வாசிக்கச் சொன்னாள். நான் வாசித்தேன். இடமும் வயதும் அண்ணாவுடையவை. நேற்று என்ன? விட்டார்களா, கொன்றார்களா? அடுப்பில் உலை கொதித்து வழிந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா கடைக்கு ஓடினாள். கனகு அண்ணை தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ அக்கா, இருட்டுக்கை கிழிச்சுப்போட்டன் போலை" என்று தலையைச் சொறிந்தார். மற்றப் பாதியை யாருக்குக் கட்டினார் என்று யோசித்து யோசித்து, கடைசியில், "பிலோமினாவுக்குப் பருப்புக் கட்டினனான், உதின்ரை மிச்சமாத்தான் இருக்கவேணும்" என்றார்.

பிலோமினா அக்கா எங்கள் அயல்வீடு. நாங்கள் போனபோது குசினி முழுக்கப் புகை. ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தா. அம்மா வாசலில் நின்றபடி, "பிள்ளை, அந்தப் பருப்புச் சரை எங்கை?" என்றாள். பிலோமினா அக்கா திரும்பி அம்மாவைப் பார்த்தா, அம்மாவின் கையிலிருந்த பாதித் தாளைப் பார்த்தா, பிறகு முகத்தை அடுப்புப் பக்கமே திருப்பிக்கொண்டா.

"எரிச்சுப்போட்டன் அக்கா."

அதற்குமேல் அவ பேசவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. எதையும் கடைசி எழுத்துவரை வாசித்துவிட்டு எழும்புகிற என் அம்மா, அன்றைக்கு ஒரு முகத்தைப் பாதி பார்த்ததும் போதுமென்று திரும்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "தமிழ்த் தாளெண்டால் எனக்கெண்டு எடுத்து வைக்கிறவள். ஏன் எரிச்சவள்? வாசிச்சுப்போட்டாள். எனக்குக் காட்டேலாமல்தான் எரிச்சவள்" என்றாள். அப்பா, "அப்ப ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்குடுப்பம்" என்றார்.

அந்தக் கிழமை அண்ணாவுக்குச் செத்தவீடு நடந்தது. பெட்டி இல்லை, உடல் இல்லை. அலுமாரிக்கு மேலிருந்த படத்தை இறக்கிக் கதிரையில் வைத்து மெழுகுதிரி கொளுத்தினோம். ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் எல்லோரும் வந்து அழுதார்கள். செத்தவீட்டில் போய் "எப்படி அறிஞ்சனீங்கள்" என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, அதுவும் அந்தக் காலத்தில். கேட்டால் யாரோ ஒருவருடைய பெயர் வெளியே வரும், அது இன்னொரு வீட்டுக்கு ஆபத்தாகும். ஆகவே ஒருவரும் கேட்கவில்லை. பிலோமினா அக்கா எல்லோரிலும் கூடுதலாக அழுதா. அம்மாவுக்கு அதுவே கடைசிச் சாட்சியாகப் போயிற்று.

அதன்பின் அம்மா வாசிப்பதை விட்டாள். சரைகள் வந்தன, பிரித்துச் சாமானைக் கொட்டிவிட்டு, தாளை அடுப்பில் வைத்தாள். சில வருடங்களின் பின் காணாமற்போனவர்களின் பெயர் பதிய ஆட்கள் வீடு வீடாக வந்தபோது, "செத்தவனை என்னத்துக்குத் தேடுறது" என்று அண்ணாவின் பெயரைக் கொடுக்கவில்லை. படத்தோடு தெருவில் நின்று போராடிய தாய்மாரோடும் போய் நிற்கவில்லை. அவர்களைப் பார்த்துப் பாவப்பட்டாள். தனக்காவது முடிவு தெரியும் என்ற ஒரு நிம்மதி அவளிடம் இருந்தது, அதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் பிலோமினா அக்கா கனடாவிலுள்ள மகளிடம் போகப் புறப்பட்டு, பயணம் சொல்ல வந்தா. அம்மா உள்ளே படுத்திருந்தாள். படலையில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய கதைகளோடு கதையாகத்தான் அதைச் சொன்னா. "அண்டைக்கு அம்மா பேப்பர் கேட்டு வந்தவ, என்ன? நான் அதைப் பாக்கவேயில்லை பிள்ளை. ஈர விறகு, எண்ணெயும் இல்லை, அவசரத்திலை வைச்சிட்டன். அம்மாவுக்கெண்டு எடுத்து வைக்கிற தாளை எரிச்சுப்போட்டனே எண்டு வெக்கத்திலை முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சுது. பிறகு நீங்கள் செத்தவீடு வைச்சனீங்கள். வேறை வழியாலை அறிஞ்சிருக்கிறியள் எண்டுதான் நினைச்சன்."

அவ சொன்னதன் பொருள் அவவுக்கே விளங்கவில்லை, நானும் விளங்கப்படுத்தவில்லை. கட்டியணைத்து வழியனுப்பிவிட்டேன்.

இதற்கிடையில் எங்கள் ஊரிலும் வாசிப்பை மீட்டெடுக்கப் புறப்பட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் உதவியில் வாசிகசாலைக்கு மாபிள் பதித்து, கண்ணாடி அலுமாரி வைத்து, பெட்டி பெட்டியாகப் புத்தகம் இறக்கியிருக்கிறார்கள். மேசையில் அன்றைய பத்திரிகை மடிப்புக் குலையாமல் பின்னேரம்வரை கிடக்கிறது. வருகிற பிள்ளைகள் விசிறிக்குக் கீழே இருந்து போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் அவர்களைக் குறைசொல்லமாட்டேன். எங்களுக்கு வாசிக்க வந்தது நல்ல பழக்கத்தால் அல்ல, வயிற்றில் நெருப்பு இருந்தபடியால். அந்த நெருப்பு எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். ஆனால் அது இல்லாமல் ஒரு வரியின் முடிவுவரை பொறுத்திருக்க மனிதரைப் பழக்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மாபிளால் அது நடக்காது என்பது மட்டும் தெரியும்.

அம்மாவின் பூசைப் புத்தகத்துக்குள் அந்தப் பாதித் தாள் இன்னும் இருந்தது. மேலே திகதியும் இருந்தது. அதைத் தொட எனக்கு வருடக்கணக்காகத் துணிவு வரவில்லை. போன மாதம்தான் லீவு போட்டுக் கொழும்புக்குப் போய், பழைய பத்திரிகைகளைக் கட்டிவைத்திருக்கிற இடத்தில் கேட்டு வாங்கி, அந்த நாளின் பக்கத்தைத் திருப்பினேன். இளைஞர் நேற்று விடுதலை செய்யப்பட்டார். பெயரும் போட்டிருந்தது. அண்ணாவின் பெயரல்ல. யாரோ ஒரு தாயின் மகன். நாங்கள் பூசை வைத்து அழுதது ஒருவரும் சாகாத ஒரு செய்திக்கு. மேசையில் தலையை வைத்து அழுதேன். அங்கே வேலைசெய்த சிங்களப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது, கண் மங்கிவிட்டது. அவளுக்கு மிஞ்சியிருக்கிற அந்த நிம்மதியைப் பறிக்க நான் யார் என்று ஒரு மனம். அவளுடைய பிள்ளையைப் பற்றிய செய்தியை அவளுக்கு மறைக்க நான் யார் என்று இன்னொரு மனம். கடைசியில் கட்டிலருகே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன், பிலோமினா அக்காவின் முகத்திலிருந்து கொழும்புவரை. முடிந்ததும் அம்மா, "வாசி" என்றாள். பிரதியெடுத்து வந்த பக்கத்தை வாசித்தேன்.

"அந்தப் பிள்ளை வீட்டை போய்ச் சேந்தவனாமோ?"

"அது போடேல்லை அம்மா."

அவளுடைய விரல் போர்வையின்மேல் மெல்ல நகர்ந்தது. கண்ணீர் இல்லை, கோபமும் இல்லை. அன்றைக்கே தேடியிருந்தால் அண்ணா கிடைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் தேடியவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தார்கள்? ஆனால் பதிய வந்தவர்கள் போய்விட்டார்கள், கூடத் தங்கியிருந்தவர் செத்துவிட்டார், லொட்ஜ் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறதோ தெரியாது, அப்பாவும் இல்லை. எங்கள் பிள்ளையை நாங்கள் தேடாமல் விட்டுவிட்டோம் என்பது மட்டும் இனி ஒருவராலும் மாற்றமுடியாதபடி இருக்கிறது. இதையெல்லாம் அம்மாவும் யோசித்திருப்பாள். யோசித்து முடித்துத்தான் கேட்டாள் போலும்.

"அடுத்த நாள் பேப்பரைப் பாத்தனியோ?"

நான் பார்த்திருக்கவில்லை.