பரணில் கிடைத்த துப்பாக்கி

அந்த வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுகூட அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். ஓடுகளை இறக்கியாகிவிட்டது. கூடம் முழுக்க ஓட்டுச் சில்லும் துருப்பிடித்த ஆணியும் கிடந்தன.

"காலைக் கிழிச்சிக்கப் போறீங்க. போட்டுக்கிட்டு வாங்கப்பா" என்றேன்.

"பழக்கம் விடமாட்டேங்குது பாப்பா" என்று சிரித்தார்.

நான் செருப்போடுதான் போனேன். வேண்டுமென்றேதான் போனேன். என் தாத்தா அந்த வீட்டின் பண்ணையாள். கொல்லைப்பக்கம் தவிர வேறு வழியாக அவர் அந்த வீட்டுக்குள் போனதில்லை. அப்பா பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். நான் பட்டம் வாங்கி, தஞ்சாவூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்தது நான்தான். வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் அந்த ஊருக்கு ஞாயிற்றுக்கிழமையில் அப்பாவோடு நான் போனதே, அந்த வீட்டு நிலைவாசல் பெயர்க்கப்படுவதைப் பார்ப்பதற்காகத்தான்.

வீட்டுக்காரரின் பேரன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். காருக்குள்ளேயே உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். "பரண்ல இருக்கறதெல்லாம் சேத்து எடை போட்டுக்கங்க, நான் எதையும் பாக்கப் போறதில்ல" என்று மட்டும் சொன்னார்.

பரணில் ஊஞ்சல் சங்கிலிகள், உடைந்த அண்டா, பித்தளைப் பாத்திரங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் நீளமான ஒரு தகரப் பெட்டி. அப்பா அதை அங்கே திறக்கவில்லை. அப்படியே வண்டியில் ஏற்றினார்.

கடைக்கு வந்து திறந்தபோது எண்ணெய்த் துணிக்குள் துப்பாக்கி இருந்தது. கட்டையில் கறையான் பட்டிருக்கவில்லை. விசையைச் சுற்றி, விரல்களை நுழைத்துப் பிடிக்கும்படி ஓர் இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மறுபடி மேலே இழுத்தால் குண்டு உள்ளே ஏறும் வகை என்று போனில் தேடிப் படித்துச் சொன்னேன். அப்பா நான் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வளையத்தைத் தள்ளிப் பார்த்தார். முதலில் அசையவில்லை. கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தள்ளினார். சடக், சடக்.

அப்பா துப்பாக்கியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"இதான்" என்றார். "எங்கப்பா சொல்ற சத்தம் இதான்."

அறுவடை முடிந்து களத்தில் கூலி நெல் அளக்கும்போது அந்த வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் போட்டுக்கொள்வாராம். யாரையும் சுட்டதில்லை. யாராவது ஒரு மரக்கால் குறைகிறது என்று வாயெடுத்தால் வளையத்தைத் தள்ளி இழுப்பார். அவ்வளவுதான். வாயெடுத்தவன் நெல்லைத் துண்டில் முடிந்துகொண்டு போய்விடுவான். தாத்தா சாகிற வரைக்கும், அம்மா கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டால்கூடத் திரும்பிப் பார்ப்பார். நானே பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் இன்னும் சில சாமான்கள் இருந்தன. பாக்குவெட்டி போல இரண்டு கைப்பிடி வைத்த இரும்புக் கருவிகள் இரண்டு. அப்பா முதலில் பாக்குவெட்டி என்றே நினைத்தார். விரித்துப் பார்த்தால் வெட்டும் வாய் இல்லை, இரண்டு பக்கமும் சிறிய குழிகள். குண்டு வார்க்கும் அச்சு. கூடவே சில ஈயக்கட்டிகள், ஈயம் உருக்க மூக்கு வைத்த ஒரு பித்தளைக் கரண்டி. அப்பா அன்று சாயங்காலமே அடுப்பை மூட்டி ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றினார். விரித்ததும் வேப்பம்பழம் அளவில் பளபளவென்று ஒரு குண்டு விழுந்தது. அதற்கு முன் அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்தது, என் பட்டமளிப்பு விழாவில்தான்.

"என்னா அதிர்ஷ்டம் பாரு" என்றார். "இரும்பு விலைக்கு வந்திருக்கு."

"லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா ஜெயிலுப்பா. நாளைக்கே ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடலாம்."

"ஒப்படைக்கிறேன். ஆயுத பூசை வருது. அன்னிக்கு ஒரு நாளு எங்கப்பா படத்துக்கு முன்னாடி வச்சிட்டு ஒப்படைக்கிறேன்."

"அப்பா, சட்டம் பூசைக்கெல்லாம் காத்திருக்காது."

"உங்க தாத்தா அறுபது வருசம் காத்திருந்தாரும்மா."



பூசையன்று தராசு, சம்மட்டி, வண்டிச்சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சரஸ்வதி பூசையும் அன்றுதானே என்று அம்மா என் பட்டத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பக்கத்தில் பொரி, கடலை. பொரிக்கு முன்னால், மூன்று விரல் குங்குமத்தோடு துப்பாக்கி. வாழையிலையில் அந்த ஒற்றைக் குண்டு. மேலே, வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய தாத்தாவின் படம். அதில் அவர் பயந்தவர் போலத்தான் இருப்பார்.

கற்பூரம் காட்டியபோது சித்தப்பா போனில் படம் எடுத்தார். சாப்பிட்டுக் கைகழுவுவதற்குள், "எங்கள் வீட்டு ஆயுத பூஜை" என்று ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். நான் பார்த்துக் கத்தியதும் அழித்தார். அதற்குள் ஊரே பார்த்திருந்தது.

"நம்ம சொந்தக்காரங்கதானே பாப்பா பாப்பாங்க" என்றார் சித்தப்பா, பாவமாக.

மறுநாள் ஜீப் வந்தது. துப்பாக்கியையும் அச்சுகளையும் குண்டையும் எடுத்துக்கொண்டு அப்பாவையும் ஏற்றினார்கள். ஸ்டேஷனில் அப்பா இருந்ததை இருந்தபடி சொன்னார், இன்ன வீட்டுப் பரணில் கிடைத்தது என்று. அவர்கள் பேரனுக்குப் போன் செய்தார்கள். "அப்படி ஒரு துப்பாக்கி எங்க வீட்ல கிடையவே கிடையாது. அந்த ஆளு வேற எங்க வாங்கினாரோ" என்று அவர் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். உரிமம் இல்லாத துப்பாக்கி ஒரு வழக்கு. குண்டு தயாரித்தது அதைவிடப் பெரிய வழக்கு. பூசைக்கு வார்த்த ஒரு குண்டு.

ஜாமீனில் வெளியே வந்த அப்பாவுக்குக் கன்னம் ஒட்டியிருந்தது. யார் எதற்குக் கூப்பிட்டாலும் எழுந்து நின்றார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால்கூட.

வக்கீல் என்னிடம் வெளிப்படையாகச் சொன்னார்: "சாமான் அந்த வீட்டுதுன்னு காட்ட ஏதாவது ஒண்ணு வேணும்மா. பில்லு கிடையாது. சாட்சி சொல்ல யாரும் வரமாட்டாங்க. ஒரு அடையாளம் கிடைச்சா உங்கப்பாவக் காப்பாத்தலாம். இல்லன்னா கஷ்டம்."

அடையாளத்தை நான் கண்டுபிடித்தேன். கடையில் பித்தளைச் சாக்கை உருக்க அனுப்ப எடுத்து வைத்திருந்தார்கள். அதைக் கொட்டிக் கிளறினேன். அடியில் அந்தக் கரண்டி. சோதனை போட்டவர்களுக்கு அது வெறும் கரண்டி; விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். உள்பக்கம் ஈயம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கைப்பிடியின் அடியில், எல்லா வீட்டுப் பாத்திரங்களிலும் வெட்டியிருப்பது போல, புள்ளி புள்ளியாக அந்த வீட்டுக்காரரின் இனிஷியலும் பெயரும் ஊரும்.

நான் கரண்டியைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஒரு மோட்டார் பைக் நின்றது. அந்த வீட்டு நிலங்களைப் பார்த்துக்கொள்கிற காரியஸ்தர் எங்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா நின்றுகொண்டிருந்தார். கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"தம்பி ரொம்ப வருத்தப்படுறாரு" என்றார் காரியஸ்தர். "விசா, வேலைன்னு இருக்கறவரு. கோர்ட்டுல வீட்டுப் பேரு அடிபட்டா என்னாகும், நீயே சொல்லு. ஆத்துல மண்ணுக்குள்ள கிடந்துச்சுன்னு சொல்லிட்டுப் போ. யாரு கேக்கப் போறா?"

"ஜெயிலுக்கு நீங்க போறீங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் சிரித்தார். "பாப்பா படிச்சிருக்குல்ல, அதான்." பிறகு எழுந்து வேட்டியைத் தட்டினார். "பங்காளி வீடுங்க இன்னும் ரெண்டு பிரிக்கப் போறாங்கய்யா. தேக்கு, இரும்பு எல்லாம் உனக்குத்தான். வாயி மட்டும் பத்திரம்."

பைக் சத்தம் ஓய்ந்ததும் கரண்டியை அப்பா கையில் கொடுத்தேன். "அப்பா, கேஸ் முடிஞ்சிது. படிங்க."

அப்பா கட்டைவிரலால் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமானது. படித்து முடித்துவிட்டு எழுந்து போய் அரத்தை எடுத்துவந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நம்பவில்லை. பழைய பாத்திரம் எது வந்தாலும் அப்பா முதலில் செய்வது அதுதான், பெயரை ராவி எடுப்பது; இந்தக் கரண்டி மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. விற்ற வீட்டுக்கு மானம் போகக் கூடாது. எந்த வீட்டுச் சாமான் என்று வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது. அந்த ஒழுங்குக்காகத்தான் பெரிய வீடுகள் அவரைத் தேடிக் கூப்பிடும்.

"அப்பா, வேணாம்."

"காட்டிக் குடுத்தவனுக்கு யாரும்மா இரும்பு போடுவா? நாளைக்கு யாரு வீட்டு வாசல்ல போயி நிப்பேன்?"

"அவங்க உங்களக் காட்டிக் குடுக்கலையா?"

"அவங்க செய்வாங்க."

"தாத்தாவுக்காகத்தானே வச்சீங்க!"

"ஒரு நாளு வச்சேன்ல" என்றார். "போதும்."

நான் கரண்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. சிறைக்குப் போய் மெலிந்த கையில் அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கைப்பிடியை முழங்காலுக்கு அடியில் கொடுத்து ராவினார். மஞ்சள் பொடி அவர் கால்மேல் விழுந்தது. முதலில் ஊர் போயிற்று, பிறகு பெயர், கடைசியாக இனிஷியல். நான் படித்த படிப்பில் அந்தக் கையை நிறுத்த ஒன்றும் இருக்கவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. பங்காளி வீடுகளில் ஒன்றைப் பிரித்துவிட்டார்கள். இரும்பு அப்பாவுக்குத்தான் வந்தது. வாய்தாவுக்கு வாய்தா நான் லீவு போட்டுவிட்டு அவரோடு போகிறேன். ஆற்று மணலில் கிடைத்ததாகத்தான் சொல்லப் போகிறார். வக்கீல் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். இந்த வாக்குமூலம் எடுபடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன வாய்தாவில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டதும் அவசரமாக எழுந்தார். நீதிமன்ற அறை வாசலில் நின்று, யாரும் சொல்லாமலேயே, செருப்பைக் கழற்றினார்.

"போட்டுக்கிட்டு வாங்கப்பா" என்றேன்.

அவர் சுவர் ஓரமாக இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் என் செருப்போடு பின்னால் போனேன்.