செல்வி ஒளித்து வைத்த கட்டைச் செருப்பு

என் மகள் செல்விக்கு ஏழு வயதில் பேச்சு நின்றது. மலாயா சுதந்திரம் வாங்கிய வருடம் அது. எனக்கு எழுத அதிகம் வராது. மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் அம்மனிடம் பெற்றதைச் சொல்லாமல் வைத்திருக்கக் கூடாது.

அப்போது காஜா பேராங்கில் பலகை வீட்டில் இருந்தோம். எனக்கு ரோட்டில் தார் ஊற்றும் வேலை. சாயங்காலம் திரும்பினால் கிணற்றடியில் என் மனைவி லெட்சுமியின் கட்டைச் செருப்புச் சத்தம் கேட்கும். பின்னாலேயே செல்வி ஓடுவாள், வாய் ஓயாமல். அந்த இரண்டு சத்தமும் இன்னும் என் காதில் இருக்கிறது.

மாசி மாதம் லெட்சுமிக்குக் காய்ச்சல் கண்டது. பிள்ளையை புக்கிட் ரம்பாயில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாள் லெட்சுமி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். காரியம் முடிந்த பிறகுதான் பிள்ளையைக் கூட்டி வந்தேன்.

"அம்மா கப்பல்ல ஊருக்குப் போயிருக்கு" என்றேன். அந்தக் காலத்தில் எல்லாரும் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்வார்கள். யாராவது இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டேதான் இருப்பார்கள். பிள்ளைகள் நம்பிவிடும். அக்கம்பக்கத்திலும் சொல்லி வைத்தேன். சேலைகளைக் கொடுத்துவிட்டேன். கட்டைச் செருப்பை மட்டும் காணவில்லை. நான் தேடவும் இல்லை.

முதல் வாரம் "எப்பப்பா வரும்?" என்று கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. பிறகு எதுவுமே பேசவில்லை. பள்ளிக்கூடம் போக மாட்டாள். பாயை நனைத்தாள். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் ஆளைக் காணோம். தெங்கேரா கடலோரத்தில் தனியாக நின்றவளை மீன்காரர் ஒருவர் சைக்கிளில் கொண்டு வந்து விட்டார்.

கயிறு மந்திரித்துக் கட்டினேன். வேப்பிலை அடித்தார்கள். மலாய் வைத்தியர் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

தினமும் வேலைக்குப் போகும் முன் மாரியம்மன் கோயிலில் நின்றேன். "தாயே, அவ வாயிலேர்ந்து ஒரு வார்த்தை குடு." அவ்வளவுதான் எனக்குக் கேட்கத் தெரிந்தது. நான் அழுகிற ஆள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அழுதுவிட்டேன்.

அதைப் பக்கத்து செட்டி வீட்டு மீனாட்சி அக்கா பார்த்துவிட்டார். பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். பேசுவது மலாய். கும்பிடுவது நம் அம்மனை. "காசியான்", பாவம் என்று உச்சுக்கொட்டினார். அவர் மகள் ஆஸ்பத்திரியில் தாதி. மாதம் ஒரு தடவை சிங்கப்பூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறாராம். பிள்ளைகளின் மனசைப் பார்ப்பவராம். கூட்டிப் போ என்றார்.

வேலையிடத்தில் என்னோடு தார் ஊற்றும் மாணிக்கம் இதைக் கேட்டுச் சிரித்தான். "என்னண்ணே, புள்ளைய தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியாஸ்பத்திரிக்கு அனுப்பப் போறியா? பைத்தியம்னு பேரு வந்துட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"ஏழு வயசுடா அவளுக்கு. மொதல்ல பேசட்டும்" என்றேன். உடனே போய் எங்களை மேய்க்கும் மண்டோரிடம் லீவு கேட்டேன். மாணிக்கம் பேச்சு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அம்மன் கோயிலில் வைத்துக் கிடைத்த வழியை எப்படித் தள்ளுவது?

டாக்டரம்மா யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். தரையில் உட்கார்ந்து செல்வியிடம் கலர் பென்சில் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. செல்வி ஒரு கப்பல் வரைந்தாள். அதில் ஒரு பெண், வெறுங்காலோடு. கரையில் ஒரு சின்னப் பெண், கையில் கட்டைச் செருப்பு.

டாக்டரம்மா என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், "தாய் எங்கை?" என்றார். சொன்னேன்.

"பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?"

அதையும் சொன்னேன்.

"பிள்ளை கரையில காத்துக்கொண்டு நிக்கிறா. நீங்கள்தான் உண்மையைச் சொல்ல வேணும். நான் பக்கத்தில இருக்கிறன்."

செல்வியின் எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா ஊருக்குப் போகலம்மா. காய்ச்சல்ல செத்துப்போச்சு. அப்பா பொய் சொல்லிட்டேன்."

என்னையே பார்த்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"அப்ப அம்மா என் மேல கோவிச்சுக்கிட்டுப் போகலியா? நான்தானே செருப்ப ஒளிச்சு வச்சேன்."

காய்ச்சலுக்கு முதல் நாள் விளையாட்டாக ஒளித்திருக்கிறாள். லெட்சுமி தேடிவிட்டுத் திட்டியிருக்கிறாள். அந்தக் கோபத்தில்தான் அம்மா வெறுங்காலோடு கப்பலேறிவிட்டாள் என்று பிள்ளை நினைத்துவிட்டது. அதைக் கொடுக்கக் கப்பல் வருகிறதா என்று பார்க்கத்தான் கடலுக்குப் போயிருக்கிறது.

"இல்லம்மா. உன் மேல கோவமே இல்ல" என்றேன். தூக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் விறகுக் குவியலுக்குள்ளிருந்து செருப்பை எடுத்துக் கொடுத்தாள். பல நாள் அழுதாள். தடுக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாதா மாதம் கூட்டிப்போனேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. பாய் நனைவதும் நின்றது. டவுனெல்லாம் சுதந்திரக் கொடி கட்டியிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"கொடியில எத்தன கோடுப்பா?"

"நீயே எண்ணு."

பதினொன்று வரை சத்தமாக எண்ணினாள். அன்றைக்கே கோயிலில் மாவிளக்கு போட்டேன்.

அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்டேன். அம்மன் முதலில் என் வாயிலிருந்து வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் பிள்ளையிடம் பொய் சொன்னதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பேச்சை விட்டால், சாப்பாட்டை விட்டால், பள்ளிக்கூடத்துக்குப் பயந்தால், அம்மனைக் கும்பிடுங்கள். அப்படியே பிள்ளைகள் மனசு அறிந்த டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். வெட்கப்படாதீர்கள். அந்த டாக்டரும் அவள் அனுப்பியவர்தான். நம்புங்கள்.

செருப்பு இன்னும் சாமி மேடைக்குக் கீழே இருக்கிறது. செல்வி இப்போது புக்கிட் பாருவில் குடியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வருவாள். வாசலில் கால் வைக்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். நான் அதிகம் பதில் சொல்வதில்லை. கேட்டுக்கொண்டிருப்பேன்.