கண் புகையுது எண்ட பொய்

டெனிஷ் கடிதம் வந்தால், "கண் புகையுது, நீயே வாசி" எண்டு மகளிட்டைக் குடுத்திடுவன். அந்த எழுத்து எனக்குத் தெரியாது எண்டு சொல்ல ரோசம். கன வருசம் இப்பிடியே சமாளிச்சன்.

மகள் அதை நம்பி, ஹேர்னிங் ரவுணிலை ஒரு கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முந்திப் புரை வெட்டின கண்ணிலை திரும்பப் படலம் வந்திருக்காம், லேசர் அடிக்கவேணுமாம். அடிக்கப்போறது ஒரு இளம் பிள்ளை. கண்ணாடிக்குக் கண் பாக்கிற படிப்புப் படிச்சவளாம். லேசர் இப்பதான் பழகிறாளாம், டொக்டர் பக்கத்திலை நிப்பாராம்.

"பழகிறதுக்கு என்ரை கண்தான் கிடைச்சுதோ?"

"அம்மா, சத்தம் போடாதேங்கோ."

அந்தப் பிள்ளை சுவரிலை டெனிஷ் எழுத்துகளைக் காட்டினாள். ஒவ்வொண்டுக்கும் "தெரியேல்லை" எண்டன். டொக்டர் தாளைப் பாத்துவிட்டு, அடிக்கலாம் எண்டார். அந்தப் பிள்ளை ஒத்துக்கொள்ளாமல் டொக்டரிட்டை ஏதோ சொன்னாள்.

"படலம் மெல்லிசாம், இவ்வளவு தெரியாமல் இருக்காதாம்" எண்டு மகள் எனக்குச் சொன்னாள்.

பிறகு அந்தப் பிள்ளை மூண்டு கால் உள்ள ஒரு அடையாளத்தைக் காட்டி, கால் எந்தப் பக்கம் நிக்குது எண்டு கையாலை காட்டச் சொன்னாள். கடைசி வரி வரைக்கும் பிழையில்லாமல் காட்டினன்.

மகள் என்னையே பாத்தாள். எனக்கு முகம் சுட்டுது. லேசர் வேண்டாம் எண்டு அனுப்பிவிட்டினம்.

படிச்சு முடிச்சவர் அடி எண்டார், பழகிறவள் பொறு எண்டாள். ஆரை நம்பிக் கண்ணைக் குடுக்கிறது எண்டு எனக்கு இப்பவும் விளங்கேல்லை. அவையிலை பிழை பிடிக்கவும் வாய் வருகுதில்லை. வாயை மூடிக்கொண்டு கண்ணை நீட்டினது நான்தானே.