உட்கார்ந்த உயரத்தில் ஓர் அறை

சாரல் காலத்தில் வீட்டோடு குற்றாலம் போவோம். எல்லாரும் அருவிக்குப் போய்விடுவார்கள். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போன நான் துணிமணிக்குக் காவல். ஒரு வருஷம் பக்கத்துக் குவியலுக்குக் காவலிருந்தவரும் என்னைப் போலத்தான். சிவகிரிக்காரர், தென்காசியில் தனியாக அறை எடுத்து வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்.

"நாம ரெண்டு பேரும் இல்லன்னா இங்கன ஒருத்தனும் குளிக்க முடியாதுலே," என்றார்.

தனியா இருக்கியளே, யாரு பாத்துக்கிடுதா என்று கேட்டேன். நான்தான் என்றார். நான் நம்பவில்லை.

ஆவணியில் ஒருநாள் அண்ணன் என்னை அவர் அறையில் இறக்கிவிட்டு, சாயந்தரம் வருவதாகச் சொல்லிப் போனான். அங்கே எல்லாமே உட்கார்ந்த உயரத்தில் இருந்தன. கொடி தோளுக்கு நேராக, தாழ்ப்பாள் கதவின் அடியில், தண்ணீர்ப் பானை தரையில். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் கேட்க வேண்டும். குடித்தால், கொல்லைக்குத் தூக்கிப்போகவும் கேட்க வேண்டும். அதனால் தாகத்தை அடக்கியே பழகியிருந்தேன். அன்று தவழ்ந்து போய் மோந்து மோந்து குடித்தேன். பிறகுதான் பயம் வந்தது. ஆனால் கொல்லைப் படியிலும் அவர் பலகையைச் சாய்த்துப் போட்டிருந்தார். கையூன்றி நானாகவே போய் வந்தேன்.

"இங்கனயே வந்து இருந்துரு. தொழிலும் படிச்சுக்கிடலாம்," என்றார்.

அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. விழுந்தால்? காய்ச்சல் வந்தால்? அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அண்ணன் தூக்கிப்போன வரைக்கும்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அஞ்சாங்கிளாசோடு நின்றவனுக்குத் தொழில் வருமா? இத்தனைக்கும் மேலே ஆசை இருந்தது. வீட்டில் சொன்னேன்.

"நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்றாள் அம்மா. அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

பாவூர்சத்திரத்துக்காரர் ஒருவர், கண் தெரியாதவர், அந்த அறைக்கு வந்துவிட்டதாக அண்ணன் சொன்னான். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய், படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு கட்டித் தரச்சொல்லி விடாமல் கேட்டார்களாம். தூக்கிவர ஆளில்லையா என்று யாரோ கேட்டதற்கு, "இருக்காவ. தூக்குங்கன்னு சொல்லத்தான் மனசில்ல," என்றாராம் வாட்ச்காரர். மூன்றாவது ஆளாக நானும் அங்கே உட்கார்ந்திருப்பதாக எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

சரிவு கட்டினார்கள். மறுவருஷம் காய்ச்சலோடு என்னை அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் பார்த்தேன். புதுச் சிமெண்ட், கையூன்ற வாகான சாய்வு. இறக்கிவிடு, நானே போகிறேன் என்றேன்.

"காய்ச்சலோட என்னலே பேச்சு," என்று என்னைத் தூக்கிக்கொண்டே அண்ணன் அதில் ஏறினான்.