பைலில் மூடப்பட்ட லோங்காங்

அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

'லோங்காங்குக்கு மூடி போட்டாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் என் வீட்டுக்காரர் எதில் விழுந்து செத்தார்?'

கீழே பரிமளா என்ற பெயர், ஒரு போன் நம்பர், வீட்டு எண் 14, மூன்றாவது லோரோங், தாமான் மெலுர் ஜெயா, கிள்ளான். எங்கள் அரசாங்க ஆபிஸுக்குக் கடிதங்கள் மலாயில்தான் வரும். இது தமிழில் வந்ததற்குக் காரணம் நான்தான். அவர் முதலில் மலாயில் அனுப்பிய புகாருக்குப் பதில் எழுதி, கீழே தேவகி என்று கையெழுத்துப் போட்டவள் நான். பெயரைப் பார்த்துவிட்டு இந்த முறை தமிழிலேயே கேட்டுவிட்டார்.

அப்போது எனக்குப் பணி ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது. அத்தனை வருட வேலையில் வாங்காத வசவு இல்லை. வசவு வந்தால் டீ குடித்துவிட்டு அடுத்த பைலைத் திறப்பேன். இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் வரை ஒன்றும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

1. சுடா

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். மத்திய அரசாங்கத்தின் பணம் சிலாங்கூருக்கு வருகிறது என்று பேப்பரில் படித்தால், ஏதோ அணையைத் திறந்துவிட்டதுபோல் இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. மாநிலத்துக்கு வந்தது மாவட்டம் மாவட்டமாகப் பிரியும். மாவட்டத்துக்குள் வந்ததும் ஒரு பட்டியலில் போய் முடியும். தார் ரோடு, தெருவிளக்கு, மண்டபக் கூரை, லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய் என்று வேலைகள், பக்கத்தில் இடத்தின் பெயர், கடைசிக் கட்டத்தில் 'சுடா'. ஆயிற்று என்று அர்த்தம். எந்த எம்.பி. யாருக்கு வாங்கிக் கொடுத்தார் என்று வெளியே அடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அந்தக் கடைசிக் கட்டம்தான் எல்லாம். சுடா விழுந்த இடத்தை அதற்கப்புறம் சில வருடங்களுக்கு ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சுடா போடுவதற்கு மூன்று படங்கள் வேண்டும். வேலைக்கு முன் ஒன்று, நடுவில் ஒன்று, முடிந்த பின் ஒன்று. மூன்றும் ஒரே இடத்தில் நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். முடிந்த பின் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆபிஸ் ஆள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

பரிமளாவின் முதல் புகார் வந்த அன்று கம்ப்யூட்டரில் தாமானின், அதாவது அந்தக் குடியிருப்பின், பெயரை அடித்தேன். பைல் வந்தது. மூன்றாவது படத்தில் வரிசை வீடுகள், நீலக் கேட், அதில் 14, கேட்டுக்கு முன்னால் லோங்காங்கின் மேல் புத்தம்புதுக் கான்கிரீட் மூடிகள். படத்துக்குப் பின்னால் என் கையெழுத்து. மூன்று வருடங்களுக்கு முன் நானே அந்த மூடிகளின் மேல் நடந்து பார்த்ததும் ஞாபகம் இருந்தது. அப்புறம் என்ன? 'எங்கள் சோதனைப்படி லோங்காங் முழுமையாக மூடப்பட்டுள்ளது' என்று வழக்கமான பதிலைத் தட்டி அனுப்பிவிட்டேன். கணவர் மோட்டார் சைக்கிளோடு விழுந்து இறந்ததாகப் புகாரில் எழுதியிருந்தது. அது போலீஸ் சமாச்சாரம் என்று அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

2. வெயிலில் ஏறிய தண்ணீர்

இரண்டாவது கடிதம் வந்ததும் போன் செய்தேன். நான் யார் என்று சொன்னேன்.

"லொக்கேஷன் அனுப்புறேன். வந்து பாருங்க," என்றார் பரிமளா. போனை வைத்துவிட்டார்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கிளம்பி, கம்யூட்டர் ரயிலில் போர்ட் கிள்ளான் போய், வாடகைக் காரில் அந்த இடத்துக்குப் போனேன். மத்தியானம் இரண்டு மணி. மண்டையைப் பிளக்கும் வெயில். ஒரு வாரமாக அந்தப் பக்கம் மழையே இல்லை. ஆனால் லோரோங் என்கிற அந்தச் சந்து முழுக்கத் தண்ணீர்.

"பெரிய பாசாங் லா, ஆன்டி," என்றார் கார்க்காரர். "கடல் ஏறும்போது லோங்காங் வழியா உள்ள வந்துரும். கார் போகாது. இங்கயே எறங்கிக்குங்க."

இறங்கினேன். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இருந்தது. அது ஓடவும் இல்லை, அலையவும் இல்லை. ரோடு எது, ஓரம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே மட்டத்தில் கிடந்தது. வீடுகளும் மேகமும் அதில் தலைகீழாகத் தெரிந்தன. எதிரே நான்கைந்து பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டின் நட்டநடுவில் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒருவர்கூட வரிசையை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒதுங்கவில்லை. என்ன ஜனங்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

பைலிலிருந்து படத்தை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். எல்லாம் பொருந்தியது. அதே நீலக் கேட், அதே 14, அதே மாமரம், முனையில் சிவப்புத் துணி கட்டிய முனியாண்டி கோயில். படத்தில் கேட்டருகே ஒரு பெண் நின்றிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் அதே முகம் அதே கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக அந்தப் பெண் நகரவே இல்லையோ என்று ஒரு நொடி தோன்றியது.

அவள் கையை ஆட்டி என்னவோ கத்தினாள். கூப்பிடுகிறாள் என்று நினைத்து நேராகக் கேட்டை நோக்கி நடந்தேன். லோங்காங் எங்கே என்று எனக்குத் தெரியும். அதன் மேல் மூடி இருப்பதும் தெரியும். நான் பார்த்து எழுதியதுதானே. தைரியமாகக் காலை வைத்தேன்.

மூடி இல்லை.

நெஞ்சு வரை உள்ளே போனேன். அடியில் இருந்த சேறு காலைக் கவ்விக்கொண்டது. டீசல் நாற்றமும் கடல் நாற்றமும் மூக்கில் ஏறின. விழுந்த பிறகும் என் கால் தண்ணீருக்குள் அந்த மூடியைத்தான் துழாவிக்கொண்டிருந்தது. இங்கேதான் இருக்க வேண்டும், இங்கேதான் என்று அது தேடியது. அந்தத் துழாவல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பெண்தான் பரிமளா. கேட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் என் கையைப் பற்றி இழுத்துப் போட்டார்.

"நில்லுங்க நில்லுங்கன்னு எவ்வளவு கத்தினேன், ஆன்டி!" என்றார். மூச்சு வாங்கிவிட்டுத் தண்ணீரையே பார்த்தார். "அங்கதான். அவரும் அங்கதான் விழுந்தாரு."

3. பாதித் தோட்டம்

உள்ளே துண்டும் மாற்றுத் துணியும் கொடுத்து, சூடாகக் காப்பியும் கொடுத்தார். ஈரமான படத்தை மேசையில் விரித்தேன். அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"இது நான் இல்ல. எங்க அக்கா, பாக்க என்னை மாதிரியே இருக்கும். இது காப்பார் பக்கத்து மெலுர் ஜெயா."

"ரெண்டு இருக்கா?"

"இருக்கே. நாங்க குடியிருந்த எஸ்டேட் தோட்டத்தை வித்தப்ப எல்லாருக்கும் ஒரே இடத்துல நெலம் கிடைக்கல. சீட்டு குலுக்கிப் பாதிப் பேரு காப்பார் பக்கம், பாதிப் பேரு இங்க. தோட்டத்துப் பேரை ரெண்டு பக்கமும் விட்டுக் குடுக்கல. ஒரே டெவலப்பர், ஒரே பிளான், ஒரே கேட்டு, நட்ட மாமரம்கூட ஒரே மாதிரி. முனியாண்டி கோயில் கல்லைக்கூட ஆளுக்குப் பாதியா எடுத்துட்டு வந்தோம். தோட்டத்து லயத்து வரிசையில எங்க வீட்டு நம்பர் பதினாலு. அக்காவும் அதையே கேட்டு வாங்குச்சு, நானும் வாங்குனேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடங்களுக்கு முன் நான் கான்ட்ராக்டரின் காரில் போயிருந்தேன். ஏசி போட்டிருந்தது, அவர் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். எந்த முனையில் திரும்பினோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மூடி இருந்தது, நடந்தேன், கையெழுத்துப் போட்டேன். காப்பார் பக்கத்துக்குச் செய்த வேலைக்கு விழுந்த சுடா, அதே பெயர் என்பதால் இந்த லோரோங்கின் தலையிலும் விழுந்துவிட்டது. இவர்கள் ஒவ்வொரு வருடமும் மனுப் போட, ஒவ்வொரு வருடமும் நாங்கள் ஆயிற்று என்று தள்ளியிருக்கிறோம்.

"சீக்கிரம் மூடி போட ஏற்பாடு பண்றேம்மா," என்றேன்.

"மூடி அப்புறம் போடுங்க. மொதல்ல லெட்டர் போடுங்க."

அவருடைய மாமியார் சித்தியவானில் படுத்த படுக்கையாக இருக்கிறார். இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. மகன் சாவுக்கும் வர முடியவில்லை. என்னுடைய பதில் கடிதத்தைக் கொழுந்தனார் வாங்கிப் பார்த்து, போனில் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.

"கவர்மெண்டே மூடியிருக்குன்னு எழுதுது, மூடின லோங்காங்குல என் மகன் எப்படி விழுவான், நீ எதை மறைக்கிறன்னு கேட்டாங்க, ஆன்டி. அன்னிலேருந்து என்கிட்ட பேசுறதில்ல. சண்டை போட்டுட்டு அவராப் போய் விழுந்துட்டாருன்னு சொந்தத்துல ஒரு பேச்சு. நான் தொறந்திருக்குன்னு சொன்னா யாரு நம்புவா? உங்க கையெழுத்தைத்தான் நம்புறாங்க."

மேசையில் கிடந்த படத்தைத் திருப்பி, பின்னால் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

4. நடேசன் சொன்ன வழி

என் மேலதிகாரி நடேசன் நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூடிதானே, தேவகி? ரிப்பேர் வேலைன்னு போட்டு ரெண்டு மாசத்துல முடிச்சிரலாம். லெட்டர் எல்லாம் வேணாம் லா. நீங்க எழுதினது தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தா என்குவாரி வரும். பென்ஷன் பேப்பர் போற நேரம். ஏன் இந்தத் தலைவலி?"

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அதுவே சரி என்று பட்டது. மூடி விழுந்தால் இனி ஒருவரும் விழ மாட்டார்கள், அதுதானே முக்கியம் என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். மனம் தேறினாலும் கால் தேறவில்லை. பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் தினமும் நடக்கிற வழியில் கான்கிரீட் மூடியைக் கண்டால் நின்றுவிடும். குடைக் கம்பியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிதித்தேன். கண்ணுக்கு முன்னால் மூடி இருந்தும், இல்லை என்றே கால் சொன்னது. மூன்றாம் நாள் ஆபிஸ் படிக்கட்டிலும் அதே மாதிரி நின்றேன். அன்றைக்கே கடிதத்தை எழுதிவிட்டேன், மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று. நடேசன் படித்துவிட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார்.

என்குவாரி வந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, பென்ஷன் இரண்டு மாதம் இழுத்தது. போர்ட் கிள்ளான் பக்கத்து மெலுர் ஜெயாவுக்குப் பட்டியலில் தனி வரி போட்டார்கள், மூடியும் வந்தது. இனி இந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கான்ட்ராக்டர் வண்டியில் போகாதீர்கள். போன இடத்தில் குடியிருக்கிற ஒருவரிடமாவது, இதே பெயரில் வேறு இடம் உண்டா என்று கேளுங்கள். புகாரில் செத்தவர் ஒருவர் இருந்தால், பைலைத் திறக்கும் முன் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

என்குவாரி வருவதற்கு முன்பே கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பரிமளா அதை இரண்டு முறை படித்தார். உடனே சித்தியவானுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, 'இந்த லோங்காங் மூடப்படவில்லை, முன்பு அனுப்பிய பதில் தவறு' என்ற இடம் வரை நிறுத்தி நிறுத்திப் படித்தார். அந்தப் பக்கம் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு கையெழுத்துப் போட்டிருக்கா?" என்றது மாமியாரின் கிழிந்த குரல்.

பரிமளா போனை என் பக்கம் நகர்த்தினார்.

"நான்தாம்மா. போன தடவை போட்டதும் நான்தான். பாக்காமப் போட்டுட்டேன்."

"இப்பப் பாத்தியா?"

"பாத்தேன்மா. நானே விழுந்துட்டேன்."

காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஆழமாம்மா?"

"நெஞ்சு வரைக்கும் இருந்துச்சும்மா. அவரு மேல பைக்கும் கெடந்திருக்கு."

அவர் அழவில்லை. வேறொன்று கேட்டார்.

"அந்தப் புள்ள பக்கத்துல இருக்கா? சாப்பிட்டாளான்னு கேளு."